இந்த வீட்டின் முதல் பட்டதாரி

மே 9, செவ்வாய்

இது நான் வேலை பார்க்கிற நோட்டு பைண்டிங் கம்பெனியின் டைரி. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள் என்று கழிவில் போட்டதை எடுத்துவந்து நான்கு மாதமாக அலமாரியில் வைத்திருந்தேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சந்தோஷம் என்று சொன்னால் அழகாக இருக்கும். வயிற்றெரிச்சல்தான் காரணம்.

நேற்று பிளஸ் டூ ரிசல்ட். என் மகள் ரோஷினி அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று. தெருவே திரண்டு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் காளிராஜ் லோடு ஆட்டோவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு லட்டு டப்பாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். "எங்க வம்சத்துலயே மொத டிகிரி எம் மகதான் வாங்கப்போறா" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரே வசனம்.

நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் எட்டு வருஷமாக பி.ஏ. வரலாறு படித்து, எல்லாப் பாடமும் முடித்து, இங்கிலீஷ் இரண்டாம் தாள் ஒன்றை மட்டும் பாக்கி வைத்திருக்கும் ஒருத்தி அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது அவர் நினைவிலேயே இல்லை. லட்டில் சர்க்கரை போதவில்லை.

மே 10, புதன்

குழம்பில் உப்பு கூடிவிட்டது. இருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுவும் பிடிக்கவில்லை.

மே 14, ஞாயிறு

அருள்முத்து அறக்கட்டளை விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அச்சகம் நடத்திச் சம்பாதித்த ஒருவர் பெயரில் அவருடைய பிள்ளைகள் நடத்துவது. வருஷத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் படிப்பு முடியும்வரை அவர்களே கட்டுவார்கள். ஒரே முக்கியமான நிபந்தனை, வீட்டில் பட்டதாரி எவரும் இருக்கக் கூடாது.

ரோஷினி இன்ஜினியரிங் போக வேண்டும் என்கிறாள். இவருடைய ஆட்டோவையும் என் பைண்டிங் கூலியையும் வைத்துக்கொண்டு அது நடக்காது. இந்த உதவி கிடைத்தால் கோயம்புத்தூர், கிடைக்காவிட்டால் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டு மடிக்க வேண்டியதுதான். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

அவள் செல்போனில் விண்ணப்பத்தை இறக்கி வைத்துக்கொண்டு முனங்கிக்கொண்டிருந்தாள். "கொடு, நானும் படிச்சுப் பாக்கேன்" என்றேன்.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்மா. ஒனக்குப் புரியாது."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இந்தத் தெருவில் முதியோர் பென்ஷன், பட்டா, குடிதண்ணீர் என்று யாருக்கு மனு வேண்டுமானாலும் சீனியம்மாள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சீனியம்மாள் நான்தான். என் மகளுக்கு நான் இங்கிலீஷில் நான்கு தடவை பெயிலானவள்.

மே 16, செவ்வாய்

ரோஷினியின் கணக்கு டீச்சர் மதியம் ஃபோன் செய்தார். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுழைவுத் தேர்வு வைத்து, தேறுகிற ஏழைப் பிள்ளைகளை இலவசமாகவே சேர்த்துக்கொள்கிறார்களாம். இருபதாம் தேதிக்குள் பெயர் பதிய வேண்டும். "நல்லா எழுதுவாங்க உங்க பொண்ணு. மறக்காமச் சொல்லிருங்க" என்றார். ரோஷினி தோழி வீட்டில் இருந்தாள். வந்ததும் சொல்ல வேண்டும்.

மே 18, வியாழன்

அறக்கட்டளையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். வரும்போது ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்தார்கள். எனக்கு வாங்கியது வழியில் உருகிவிட்டதாம்.

மே 21, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று நோட்டு வேலை தலைக்கு மேல். டீச்சர் சொன்னதைச் சொல்ல மறந்தே போனேன். தேதியும் முடிந்துவிட்டது. அதனால் என்ன, அறக்கட்டளைதான் இருக்கிறதே.

மே 27, சனி

பக்கத்து வீட்டு சுப்புத்தாய் வந்து ஒரு மணி நேரம் அழுதாள். அவள் மகனுக்கும் நல்ல மார்க்குதான். அறக்கட்டளையில் விண்ணப்பத்தைக் கையிலேயே வாங்கவில்லையாம்.

"அவன் அக்கா பி.காம் முடிச்சவளாம். அதனால இது பட்டதாரி வீடாம். பி.காம் முடிச்சு என்னத்தக் கண்டா. ஜவுளிக்கடைல நின்னுக்கிட்டே சேல மடிக்கா. ஒக்காரக்கூட விட மாட்டேங்கான். அவ படிச்ச படிப்புக்குத் தம்பி தலைல மண்ணா?"

அதே சமயம் மொத்த மளிகைக்கடைக்காரர் மகன் விண்ணப்பித்திருக்கிறான். இரண்டு லாரி, மூன்று மாடி. ஆனால் வீட்டில் எவரும் எட்டாவதைத் தாண்டவில்லை, ஆகவே தகுதி உண்டு. படிப்பு வாசனையே இல்லாத பணக்காரன் உள்ளே. ஒரு பிள்ளையைக் கஷ்டப்பட்டுக் கரையேற்றிவிட்ட ஏழை வெளியே. இந்த விதியை எழுதியவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ரோஷினி வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள். இங்கே ஓர் உதவி, அங்கே ஓர் உதவி என்று கிடைத்தவர்கள் கல்லூரிக்குப் போவார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்பது எங்கள் மேனேஜருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அறக்கட்டளையின் லிஸ்ட் வந்த வாரத்தில்தான் அவர் புது ஸ்டூல்களுக்கு ஆர்டர் கொடுப்பார்.

இதையெல்லாம் சுப்புத்தாயிடம் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 3, சனி

இன்று பெரிய சண்டை. இவர் ஆட்டோ ஸ்டாண்டில் எவனோ சொன்னதைக் கேட்டுவிட்டு முகம் வெளிறி வந்தார். போன வருஷம் திருத்தங்கலில் ஒரு பையனுக்குக் கொடுத்த உதவியை நடுவிலேயே நிறுத்திவிட்டார்களாம். அவன் அப்பா டிகிரி வாங்கிவிட்டாராம்.

"ஒனக்கு எப்ப பரீட்ச?" என்றார். எட்டு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்கிறார்.

"பதினேழாந் தேதி."

"எழுதாத."

நான் ஏதோ கேலி என்று நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன்.

"நாலு தடவ பெயிலானவ. அஞ்சாவது தடவையும் பெயிலாத்தான் போவேன்னு நெனச்சுக்கிட்டு விடுங்களேன்" என்றேன்.

"பாசாகித் தொலச்சுட்டா?"

இந்த வீட்டில் நான் பாஸாகக்கூடும் என்று ஒருவர் நினைத்தது இதுதான் முதல் தடவை. அதற்குச் சந்தோஷப்படுவதா, கையிலிருந்த கரண்டியை வீசுவதா என்று தெரியவில்லை. கரண்டியை வீசினேன். சுவரில் பட்டது.

ஜூன் 6, செவ்வாய்

மூன்று நாளாக ரோஷினி என்னோடு பேசவில்லை. இன்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மா, அடுத்த வருசம் எழுதேன்."

"அடுத்த வருசம் கெடையாது. பழைய பாடத்திட்டத்துக்கு இதான் கடேசி. நீதானே அந்த நோட்டீசப் படிச்சுச் சொன்ன?"

அவளுக்குத் தெரியும். போன வருஷம் வரை எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். 'எத்தன தடவைம்மா' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள். ஒரு நாள் பாதியில் எழுந்து போனவள் திரும்ப வரவில்லை.

"எட்டு வருசம் ரோஷினி" என்றேன்.

"எனக்குப் பன்னெண்டு வருசம்" என்றாள். அப்புறம் மெதுவாக, "கணக்கு டீச்சரப் பாத்தேன். ஃபோன் பண்ணிச் சொன்னாங்களாமே. ஏம்மா சொல்லல?"

"மறந்துட்டேன்."

"நீ எதையும் மறக்க மாட்டம்மா."

வேலை மும்முரத்தில் மறப்பது யாருக்கும் நடக்கிறதுதான். இதைப் போய் ஒரு குற்றமாகச் சொல்கிறாள். அன்றைக்கு ராத்திரி அவள் வந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். அவள் உள்ளே வரும்போதே ஃபோனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 8, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் மாரிக்கனி என்னைக் கேள்வி கேட்கிறாள். கம்பெனியில் எனக்கு எதிரே உட்கார்ந்து நோட்டுக்குக் கம்பிப் பின் அடிக்கிற பிள்ளை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டிக் கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். பழைய கேள்வித்தாள் ஒன்றை முழுசாக எழுதிப் பார்த்துத் திருத்தினேன். ஐம்பத்தெட்டு. நாற்பது போதும்.

"சீனியக்கா, இந்தத் தடவ நீங்க பாசு" என்றாள்.

எனக்கும் தெரியும். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

நீலச் சேலைக்கு ரவிக்கை இறுக்கமாக இருந்தது. பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

ஜூன் 11, ஞாயிறு

அறக்கட்டளையிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தார்கள். காலையிலேயே இவர் என் புத்தகங்களைச் சாக்கில் கட்டி சுப்புத்தாய் வீட்டுக்குக் கொண்டுபோனார். மற்ற வீடுகளில் இப்படி விசாரணை வந்தால் டிவியை ஒளிப்பார்கள், பிரிட்ஜை ஒளிப்பார்கள். எங்கள் வீட்டில் 'இந்திய வரலாறு' மூன்று பாகங்களை ஒளித்தோம். சுப்புத்தாய் அந்தச் சாக்கை வாங்கி வைத்துக்கொண்டது பெரிய மனசு. அவள் மகனை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர்கள் இவர்கள்.

நரைத்த மீசையோடு ஒரு பெரியவர். கூட சாந்தினி என்று ஒரு இளம்பெண். கூரையைப் பார்த்தார்கள், ரேஷன் கார்டைப் பார்த்தார்கள்.

"அம்மா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"பிளஸ் டூங்க" என்று இவர் முந்திக்கொண்டார். அது பொய் இல்லை. ஆனால் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல இந்த வீட்டில் இடம் இல்லை.

பெரியவர் ரோஷினியிடம், "அப்ப இந்த வீட்டுல நீதான் மொத ஆளா?" என்றார்.

"ஆமா சார். நாந்தான்."

எவ்வளவு நேராக நின்று சொன்னாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 14, புதன்

இவர் சாப்பிடாமல் கிடக்கிறார். ரோஷினி அறைக்குள்ளேயே இருக்கிறாள். என் மாமியார் வீட்டுப் பக்கமிருந்து மூன்று பேர் ஃபோன் செய்து, பெற்றவள் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். "இந்த வயசுல டிகிரி வாங்கி நீ என்ன கலெக்டராவா ஆகப்போற?" என்றாள் நாத்தனார். கலெக்டராக நினைத்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேனா?

சரி, போகவில்லை என்று சொல்லிவிட்டேன். உடனே எழுந்து உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஜூன் 17, சனி

பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். கடலை உரித்தேன். ஒரு மணிக்கு வாங்கியிருப்பார்கள். அதுவரை உரித்தேன்.

ஜூன் 19, திங்கள்

மாரிக்கனி எப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். நன்றாக எழுதினேன் என்றேன்.

ஜூன் 26, திங்கள்

ரோஷினி பெயர் லிஸ்ட்டில் வந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் மகன் பெயரும் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட்டு முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். இவருக்கு ராஜபாளையத்துக்கு லோடு இருந்ததால், அவர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரோஷினி தோழிகளோடு கோயிலுக்குப் போயிருந்தாள். எனவே படிவம் முதல் முறையாக என் கைக்கு வந்தது.

எடுத்துக்கொண்டு அறக்கட்டளை ஆபீசுக்கே போய் உட்கார்ந்து படித்தேன். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். நான்காவது விதியை மூன்று தடவை படித்தேன்.

'விண்ணப்பித்த நாளில் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இருக்கக் கூடாது. அதற்குப் பின் குடும்பத்தினர் எவரேனும் பட்டம் பெற்றால் இந்த உதவி எவ்வகையிலும் பாதிக்கப்படாது.'

சாந்தினிதான் மேஜையில் இருந்தாள். திருத்தங்கல் பையனைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்க அப்பா ஏற்கெனவே எம்.ஏ. முடிச்சவரும்மா. அத மறச்சுட்டாரு. புதுசா யாராச்சும் படிச்சா நாங்க ஏம்மா நிறுத்தப்போறோம்? நீங்களே படிச்சாலும் எங்களுக்குச் சந்தோசம்தான்."

"இந்த விதி இதுலதான் இருக்கா?"

"விண்ணப்பத்துலயே இருக்குமே. மொதப் பக்கம். தமிழ்லயும் போட்டிருக்கோம்." ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். இருந்தது. பெரிய எழுத்தில், தமிழில்.

நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

"நாலாவது விதியப் படிச்சியா?" என்றேன்.

ரோஷினி படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி. மழுப்பவில்லை.

"படிச்சேன்."

"எப்ப?"

"மொத நாளே."

"அப்பா என்ன எழுத வேண்டாம்னு சொன்ன அன்னைக்கும் ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. என்னைவிட அரை அடி உயரமாக நின்றுகொண்டு பேசினாள். "நீ இந்தத் தடவ பாசாயிருவ. நீ எழுதிப் பாத்த பேப்பர நான் எடுத்துப் பாத்தேன். அறுபத்தி ரெண்டும்மா அது, நீ கம்மியாத் திருத்தி வச்சிருக்க. நீ பாசாயிட்டா என்ன ஆகும்? நாப்பத்தோரு வயசுல நோட்டு மடிக்கிற அம்மா பட்டதாரின்னு பேப்பர்ல ஒன் ஃபோட்டோ வரும். ஸ்கூல்ல ஒன்னக் கூப்பிட்டுப் பேச வப்பாங்க. நான் பக்கத்துல நின்னு கை தட்டணும். எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாம்மா. மொத ஆளுங்கறது. அதையும் நீயே எடுத்துக்கப் பாத்த."

"நான் எடுக்கப் பாத்தேனா?"

"டீச்சர் ஃபோன மறந்தயில்ல?"

அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. ஃபோட்டோவைப் பற்றியெல்லாம் நான் நினைத்ததே இல்லை என்று சொன்னேன்.

சொன்னது பொய். நீலச் சேலை அதற்குத்தான்.

ஜூன் 28, புதன்

இவரிடம் நான்காவது விதியைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "சரி விடு, இப்ப என்ன செய்ய முடியும்" என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னவனைத் திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. மகளையும் திட்டவில்லை. டீசல் போடப் போய்விட்டார்.

நான் திட்ட வேண்டிய ஆள் நான்தான். ஊருக்கெல்லாம் மனு எழுதித் தருகிறவள், இங்கிலீஷ் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டு விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்காமல் விட்டேன்.

படிவம் என் பெட்டியில் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள். ரோஷினி கேட்கவில்லை. கேட்கட்டும் என்று நானும் இருக்கிறேன்.

ஜூன் 29, வியாழன்

கேட்கவில்லை.

மேனேஜர் இன்று எட்டு ஸ்டூல் இறக்கினார்.

ஜூன் 30, வெள்ளி

மூன்று மணிக்கு ஆபீசை மூடிவிடுவார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். ரோஷினியும் கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டரை ஆயிற்று. போட மாட்டேன் என்று நினைத்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் முன்னால் தரையில் வைத்தேன்.

"இது ஒனக்காக இல்ல" என்றேன். "எங் கம்பெனில ஒரு ஸ்டூலு காலியாக் கெடக்கட்டும்னு."

"தேங்க்ஸ்" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 9, புதன்

ரோஷினியைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு இவர் திரும்பினார். விடுதி நன்றாக இருக்கிறதாம், சாப்பாடும் பரவாயில்லையாம். வழியெல்லாம் அழுதேன் என்றார். நான் அழவில்லை. வீடு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அவள் தலையணையை வெயிலில் போட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

அஞ்சல் வழிக் கல்வி ஆபீசுக்குப் போனேன். பழைய பாடத்திட்டம் முடிந்தது முடிந்ததுதான். எழுதித் தேறிய தாள்கள் எதுவும் செல்லாது. படிக்க வேண்டுமானால் முதல் வருஷத்திலிருந்து புதிதாகச் சேர வேண்டும் என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். பாவம் என்று பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை வேண்டாம், விண்ணப்பத்தைக் கொடுங்கள் என்றேன்.

இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் அங்கேயே நின்று, இங்கிலீஷையும் சேர்த்து, வாசித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சேர்ந்துவிட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்கு ரோஷினி ஃபோன் செய்தாள். சாப்பிட்டாயா, ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டேன். அப்புறம் சேர்ந்துவிட்டதைச் சொன்னேன்.

"மறுபடியும் மொதல்ல இருந்தாம்மா? எத்தன வருசம்?"

"மூணு" என்றேன். "ஒனக்கு நாலு."